எவ்வளவு வைக்கட்டும்?

மனிதர் பொய் சொல்லும்போது அவர் முகமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பார்கள். குரல் இடறும், கண் தாழும், கை எதையாவது தடவிக்கொண்டிருக்கும். முகமே இல்லாத ஒரு பொருளிடம் அந்தப் பொய்யை ஒப்படைத்துவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்வி அறநூல் எதையும் புரட்டியபோது நம் உள்ளத்தில் எழுந்ததன்று. திருச்சியில், கடைத்தெருவிலிருந்து சற்றே உள்ளடங்கிய ஒரு பழுதுபார்க்கும் கடையில், மர முக்காலி ஒன்றின் மேல் அமர்ந்திருந்தபோது எழுந்தது. அதற்கு நாம் அப்போது அளித்த விடையைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயினும், நம்மைப் போன்றே பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் பலர் இருப்பர் என்பதால் நடந்ததை எழுதுகிறோம்.

நம் வண்டி 2009ஆம் ஆண்டில் வாங்கியது, பெட்ரோலில் ஓடுவது. வேகத்தைக் காட்ட ஒரு முள்ளும், அதற்குக் கீழே எண்களைக் காட்டும் சிறு திரையும் கொண்ட முகப்புப் பலகை அதற்கு. ஓடிய தூரம், பெட்ரோல் இருப்பு, மணி ஆகிய மூன்றையும் அத்திரைதான் சொல்லும். ஒரு மார்கழிக் காலையில் திரை மங்கியிருந்தது. வண்டி சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் தெளிந்துவிட்டது. சில வாரங்களில், தெளிவதற்கு அரை மணி நேரம் பிடித்தது. வைகாசி பிறப்பதற்குள் முற்றிலும் இருண்டுவிட்டது. எல்லாரும் செய்வதைப் போல நாமும் பலகையின் தலையில் ஓங்கித் தட்டிப் பார்த்தோம், பயனில்லை. முள் மட்டும் பழையபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால், அடுத்த ஏழு மாதம் அந்த இருட்டோடேயே வண்டியை ஓட்டினோம். பெட்ரோலைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டோம்.

மகளின் படிப்புச் செலவுக்காக வண்டியை விற்பது என்று முடிவானபோதுதான் திரையின் நினைவு வந்தது. இருண்ட திரையுள்ள வண்டியை யார் வாங்குவார்? நிறுவனத்தின் பணிமனையில் கேட்டோம். உள்ளே எது கெட்டது என்று பார்ப்பது அங்கு வழக்கமில்லை. முகப்புப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும், 16,500 ரூபாய் ஆகும் என்றார்கள். பதின்மூன்று ஆண்டு ஓடிய வண்டிக்கு அது அதிகம். அப்போதுதான் நண்பர் ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார்.

கடைக்காரர் முன்பு தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். பெரிய கண்ணாடிக் குழாய் வைத்த பெட்டிகள் வீடுகளைவிட்டு மறைந்த பின்னர், வண்டிகளின் மின்னணுப் பலகைகளுக்கு மாறிக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் வயது. நாம் அவரைத் தம்பி என்றோம். அவர் நம்மைச் சார் என்றார். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, சற்று நேரம் பொறுத்திருந்து, நான்கு திருகாணிகளை அகற்றி, பலகையை வெளியே எடுத்தார். பின்மூடியைத் திறந்ததும் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நமக்கும் நீட்டினார். மீன் வாடை!

“இதுதான் சார் வியாதி” என்று அவர் காட்டியவை நான்கு சிறு உருளைகள். கப்பாசிட்டர் என்று கடையிலும் மின்தேக்கி என்று பள்ளிப் பாடத்திலும் சொல்லப்படுபவை. வெள்ளித் தொப்பி அணிந்த குழந்தைகளைப் போல வரிசையாக நின்றிருந்தன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் இரண்டு அலுமினியத் தகடுகளும், அவற்றுக்கிடையே மின்பகு திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வண்டியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம் ஒருபோதும் சீராக இருப்பதில்லை; வண்டியைக் கிளப்பும்போது விழும், பின்னர் எழும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிச் சமன்செய்து கொடுப்பதே இவற்றின் பணி. உள்ளிருக்கும் திரவம் உலர்ந்தாலோ கசிந்தாலோ பணி நின்றுவிடும். அரைகுறையாக உலர்ந்த மின்தேக்கி குளிரில் சோர்ந்து, சூட்டில் ஓரளவு வேலை செய்யும். காலையில் இருண்டு பின்னர்த் தெளிந்ததன் காரணம் அதுதான். தட்டினால் எரிந்து மறுபடி அணையுமானால் பற்றாசில் விரிசல் என்று கொள்ளலாம். சூடேறினால் எரியுமானால் மின்தேக்கி என்று கொள்ளலாம் என்றார். மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்ற இந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் அவருக்குக் கிடைத்ததில்லை.

இவற்றின் ஆயுள் கணக்கு ஒன்று உண்டு. மின்தேக்கியின் உறையில் 105 பாகை என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று செய்தவர் உறுதி கூறுகிறார் எனில், வெப்பம் ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும். 65 பாகையில் 32,000 மணி நேரம். பெரிய எண்ணாகத் தோன்றினாலும், நிழலில்லாத இடத்தில் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் முகப்புப் பலகையைத் தொட்டுப் பார்த்தவர்க்கு அதன் பொருள் விளங்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் வெப்பம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கசிந்த திரவம் பலகையின் செப்புக் கோடுகள் இரண்டை அரித்திருந்தது. இங்குதான் அவர் இரு வழிகளைச் சொன்னார். முதல் வழி, நான்கு மின்தேக்கிகளையும் மாற்றி, அரித்த கோடுகளின் மேல் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைப்பது. இரண்டு நாள் ஆகும். நூற்றுக்கு நூறு உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது வழி, உடைத்துப் பிரித்த வேறொரு வண்டியின் பலகை, அதே மாதிரி, அவரிடமே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம்.

“அதுல நாப்பத்தாறாயிரம் இருக்கு சார். உங்களுக்கு எவ்வளவு வைக்கட்டும்?”

தேநீர்க் கடையில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பார்களே, அந்தக் குரல். அதில் கள்ளத்தனம் இல்லை, கண்சிமிட்டல் இல்லை. வருகின்றவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. நியாயமான கேள்வியும்கூட, ஏனெனில் வேறொரு வண்டியின் பலகையை மாட்டினால், அதிலுள்ள எண்ணை மாற்றி நம் வண்டியின் எண்ணை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் விடுவதே பொய்யாகும். ஒரே மனிதர், ஒரே கருவி, ஒரே விரலசைவு. உண்மையை எழுதவும் அதுவே, பொய்யை எழுதவும் அதுவே.

வண்டித் தரகர் முந்தைய வாரமே நம்மிடம் சொல்லியிருந்தார்: “லட்சத்துக்குக் கீழே இருந்தா நாப்பதாயிரம் கூடக் கிடைக்கும் சார்.” திரை இருளுவதற்கு முன் நாம் கடைசியாகக் குறித்துவைத்த எண் 1,08,640. கல்லூரியில் கட்ட வேண்டிய தொகைக்கு நம்மிடம் குறைந்திருந்ததும் கிட்டத்தட்ட அந்த நாற்பதாயிரந்தான்.

உடனே ‘வேண்டாம்’ என்று நாம் சொல்லவில்லை. ‘இது முறையா?’ என்றும் கேட்கவில்லை. நம் வாயிலிருந்து வந்த முதற்கேள்வி, “கண்டுபிடித்துவிடுவார்களா?” என்பதுதான்.

அவர் அதற்கும் பொறுமையாக விடை சொன்னார். பலகையில் துவரம்பருப்பு அளவேயான, எட்டுக் கால்கள் கொண்ட ஒரு கறுப்புச் சில்லைக் காட்டினார். வண்டி ஓடிய தூரம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. காகிதத்தில் மையால் எழுதுவதைப் போல, அங்கே எலக்ட்ரான்களால் எழுதப்படுகிறது. நாற்புறமும் காப்பிட்ட மிகச் சிறிய தீவுகளில் அவை சிறைப்பட்டிருக்கும். மின்கலத்தைக் கழற்றினாலும் அழியா. பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும். ஆனால் உரிய கருவியை அந்த எட்டுக் கால்களில் கவ்வவிட்டால் சில நொடிகளில் வேறு எண்ணை எழுதிவிடலாம். அடித்தல் திருத்தல் இராது. முற்காலத்து வண்டிகளில் எண் பொறித்த சிறு சக்கரங்கள் வரிசையாக உருளும். அவற்றை நெம்பித் திருப்பியவன், எண்கள் கோணி நிற்பதால் அகப்பட்டுக்கொள்வான். இப்போது அந்தக் கோணலும் இல்லை. புதிய வண்டிகள் சிலவற்றில் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியிலும் தூரம் தனியே பதிவாகி இருக்குமாம். நம்முடையதில் அதுவும் இல்லை என்றார்.

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வெளியே வந்தோம். ஆட்டோ பிடித்தோம். வீட்டு வாசலில் ஓட்டுநரிடம், “என்னப்பா, மீட்டரில் சூடு வைத்திருக்கிறாயா?” என்று பத்து ரூபாய்க்காகச் சண்டையும் பிடித்தோம். கதவைத் தாளிட்ட பிறகுதான் சுருக்கென்றது. மேலே ஏறும் மீட்டருக்குச் சூடு என்று பெயர் வைத்திருக்கிறோம். கீழே இறங்கும் மீட்டருக்குத் தமிழில் ஒரு பெயரும் இல்லை போலும்.

தூரத்தை எண்ணும் ஆசை பழையது. உரோமைக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ் தம் நூலில் இத்தகைய வண்டி ஒன்றை விவரிக்கிறார். சக்கரத்தோடு இணைந்த பற்சக்கரங்கள் மெல்லச் சுழன்று, ஒரு மைல் முடியுந்தோறும் ஒரு கூழாங்கல்லை வெண்கலப் பாத்திரத்தில் விழச் செய்யும். பயணி கல் விழும் ஓசையைக் கேட்கலாம். இறங்கியபின் எண்ணிப் பார்க்கலாம். அப்பாத்திரத்திலிருந்து நான்கு கற்களை எடுத்து வீசுவதற்குச் சிறு குழந்தையாலும் முடியும். ஆனால் வீசியதால் நடந்த வழி குறையாது. நம் நாட்டிலும் அளவைகளைக் காக்க வழி தேடியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் நெல் அளந்ததைச் சொல்கின்றன. இறைவனின் பெயரையே மரக்காலுக்குச் சூட்டிவிட்டால், அதைக் குறைத்து அளப்பவன் யாருடைய பெயரைக் குறைக்கிறான் என்பது அவனுக்கே உறைக்குமல்லவா? இணைச்சட்டமும் நீதிமொழிகளும் எடைக்கல்லைப் பற்றி எத்தனை முறை பேசுகின்றன என்பதை வாசகர் அறிவர். கோவிலுக்குள் நடப்பதைக் குறித்து இறைவாக்கினர் சினந்ததைப் போலவே கடைத்தெருவின் தராசைக் குறித்தும் சினந்தனர்.

அன்றிரவு நமக்கு நாமே பல வாதங்களைச் சொல்லிக்கொண்டோம். அவற்றுள் மிக வலிய ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சந்தையில் எல்லாரும் குறைத்தே காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவோரும் அதை அறிந்தே இருக்கிறார்கள். திரையில் அறுபதாயிரம் என்றால் ஒரு லட்சம் என்று மனத்துக்குள் கூட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சந்தையில் ஒருவன் மட்டும் 1,08,640 என்று உண்மையைக் காட்டினால், அவர்கள் அதை ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றுதான் படிப்பார்கள். ஆக, உண்மையைச் சொன்னவனின் வண்டியைப் பற்றி அவர்கள் மனத்தில் பொய்யான கருத்து உண்டாகிறது. குறைத்துச் சொன்னவனின் வண்டியைப் பற்றிச் சரியான கருத்து உண்டாகிறது! கேட்பவர் உண்மையை அறிய வேண்டும் என்பதற்காகத்தானே உண்மை பேசுகிறோம்? அப்படியானால் எது வாய்மை?

இது வெறும் குதர்க்கமன்று. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் எழுதிய ஒரு கட்டுரை பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லா வண்டிகளையும் ஐயுற்று நடுத்தர விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், விலகிக்கொள்வார். எஞ்சுபவை மோசமான வண்டிகளே. எனவே விலை மேலும் இறங்கும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்துறை ஆய்வுகளுக்காக வேறு இருவரோடு பகிர்ந்து பெற்றார். நேர்மையாளருக்குச் சந்தையில் இடமில்லாமற் போவது எப்படி என்பதை அவர் கணக்காகவே காட்டிவிட்டார். நம் கணக்கும் அதுதான்: உண்மை சொன்னால் நாற்பதாயிரம் போகும், நம்புவாரும் இல்லை.

ஆயினும் அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. விடியும் வேளையில்தான் அது நமக்குத் தென்பட்டது. வாங்குபவர் மனத்துக்குள் கூட்டிக்கொள்கிறார் என்றோமே, அது விலை பேசும்வரைதான். அதன்பின் அந்த எண் வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. வார்ப்பட்டையால் கால ஒழுங்கு பெறும் இயந்திரங்களில், குறிப்பிட்ட கிலோமீட்டர் ஆனதும் அப்பட்டையை மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் ஓட்டி ஒருநாள் பட்டை அறுந்தால், பல இயந்திரங்களில் மேலே ஏறும் உந்துதண்டு திறந்திருக்கும் அடைப்பிதழ்களில் மோதும். பாதி வழியில் இயந்திரம் நொறுங்கிவிடும். அது நெடுஞ்சாலையில், பின்னால் சரக்குந்து வரும்போது நேரலாம். 46,000 என்று திரையில் கண்ட மனிதர், ‘பட்டைக்கு இன்னும் காலம் இருக்கிறது’ என்று நினைப்பார். அவர் தரகரை நம்பாதவராய் இருக்கலாம். நம்மையும் நம்பாதவராய் இருக்கலாம். ஆனால் வண்டியைச் சொந்தமாக்கிக்கொண்ட பிறகு, தம் கண்முன் நாள்தோறும் ஒளிரும் எண்ணை அவர் நம்பத்தான் செய்வார். வேறு எதை நம்புவது? அந்த எண் விலைச்சீட்டு மட்டுமன்று. வண்டியைத் தொடப்போகும் ஒவ்வொரு கைக்கும் முன்னவர் எழுதிவைத்த குறிப்பு. மருத்துவமனையில் கட்டிலின் காலடியில் தொங்கும் தாளைப் போன்றது.

வாய்மையைப் பற்றி நம் மரபுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. புனித அகுஸ்தினார் பொய்யைக் குறித்தே இரு நூல்கள் எழுதி, எந்த நன்மைக்காகவும் பொய் ஆகாது என்றார். வள்ளுவரோ குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்மையையும் வாய்மையின் பக்கத்தில் வைத்தார். நாம் இளமையில் இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பட்டிமன்றம் பேசியதுண்டு. ஆனால் வார்ப்பட்டை அறுந்த வண்டியின் முன்னால் இருவருக்கும் வேறுபாடில்லை. கல்லூரிக் கட்டணம் நமக்கு நன்மைதான். அதைக் குற்றமற்ற நன்மை என்று வள்ளுவரிடம் சொல்லும் துணிவு நமக்கு வரவில்லை.

இதில் பொய்யைச் சொன்னது யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார் என்பதுதான் நம்மை அதிகமாக அச்சுறுத்தியது. கடைக்காரர் கேட்ட எண்ணை எழுதினார், அவர் விற்கவில்லை. தரகர் எண்ணைப் பற்றி வாயே திறக்க மாட்டார். “மீட்டரைப் பாத்துக்குங்க” என்பார். நாம் ஒரு பழுதைச் சரிசெய்தோம், அவ்வளவே. திரையோ வெறும் கண்ணாடி. ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டதால், முழுப் பொய்யும் யார் கையிலும் இல்லை. எல்லாருடைய வாயும் சுத்தமாக இருக்கிறது. எல்லாரும் ஞாயிறன்று நற்கருணை வாங்க வரிசையில் நிற்கலாம்.

பிற நாடுகள் இதைச் சட்டத்தால் பிடிக்க முயன்றிருக்கின்றன. ஜெர்மனியில் 2005 முதல் மீட்டரைத் திரிப்பது தனிக் குற்றம். ஓராண்டுவரை சிறை உண்டு. பெல்ஜியத்தில் 2006 முதல், வண்டி பணிமனைக்குச் செல்லும்போதெல்லாம் தூரம் பொதுப் பதிவில் சேர்க்கப்பட்டு, விற்கும்போது சான்றாக அளிக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழுதுபார்ப்பவருக்கென்றே ஒரு விதி இருக்கிறது. தூரமானியைப் பழுதுபார்த்தாலோ மாற்றினாலோ பழைய எண்ணே நிலைக்க வேண்டும். அது இயலாதபோது எண்ணைச் சுழியத்தில் வைத்து, முன்பு எவ்வளவு இருந்தது, எந்த நாளில் பழுதுபார்க்கப்பட்டது என்று எழுதி, வண்டியின் இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஏமாற்றும் நோக்கத்தோடு அச்சீட்டைக் கிழிப்பதும் குற்றம்.

அந்த விதியைப் படித்தபோது நாம் வியந்தோம். தெரியாததற்கு ஓர் எண்ணைப் புனைந்து வைக்காதே, சுழியத்தை வை, அது சுழியம் அன்று என்பதையும் அருகிலேயே எழுதிவை. நல்ல ஒப்புரவு அருட்சாதனத்தின் சாயல் இதில் இருப்பதாக நமக்குப் பட்டது. சட்டமியற்றியவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள்தான்.

மறுநாள் கடைக்குச் சென்று, முதல் வழியே போதும், நம் பலகையையே சரிசெய்யுங்கள் என்றோம். அவர் வியப்படையவுமில்லை, பாராட்டவுமில்லை. “ரெண்டு நாள் ஆகும்” என்றார். நாமும் இரண்டு நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டில் இருந்தால் மனம் மாறிவிடுமோ என்னும் அச்சமும் ஒரு காரணம்.

அரிப்பைச் சாராயத் திரவத்தால் கழுவி, பழைய மின்தேக்கிகளை மெல்லத் திருகாமல் எடுத்தார். திருகினால் கீழுள்ள செப்புத் தகடு கூடவே பெயர்ந்து வந்துவிடுமாம். பற்றாசு உருகி வெள்ளி நீராய் மின்னி, கை எடுத்ததும் உறைந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய வகைப் பற்றாசு 183 பாகையில் உருகும். சாம்பிராணியை நினைவூட்டும் பிசின் புகை எழுந்தது. புதிய மின்தேக்கிகளை வைக்கும்போது அவர் நம்மிடம் ஒரு விந்தையைக் காட்டினார். இந்த அலுமினிய வகையில் கறுப்புப் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். டாண்டலம் என்னும் வேறு வகை மின்தேக்கியில் அதே போன்ற பட்டை நேர்முனையைக் குறிக்கும். அறியாதவர் மாற்றி வைத்தால் பொறி பறக்கும். “கோடு ஒண்ணுதான் சார். யாரு மேல போட்டிருக்குன்னு பார்க்கணும்” என்றார். நான்கு மின்தேக்கிகளுக்கும் சேர்த்து அவர் போட்ட விலை அறுபது ரூபாய். கூலியோடு 1,200.

இரண்டு நாளும் அந்த எட்டுக் கால் சில்லின் பக்கம் அவர் கையே போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு ஒன்று விளங்கிற்று. அந்தப் பலகையில் கெட்டுப்போயிருந்தவை நான்கு மின்தேக்கிகளும் இரண்டு கோடுகளும். கெடாமல் இருந்தது நினைவு. கெட்டதைச் சரிசெய்யப் போன நாம், அங்கே கெடாதிருந்த ஒன்றைக் கெடுக்கத்தான் ஓர் இரவு முழுவதும் நியாயம் தேடிக்கொண்டிருந்தோம்.

மாலையில் பலகையை வண்டியில் பொருத்திச் சாவியைத் திருப்பினோம். திரை நீல ஒளியோடு விழித்துக்கொண்டது. எண்ணைப் பார்த்துத் திகைத்தோம். 1,08,640 இல்லை, 1,12,310. பலகையின் ஒளிக்கும் திரைக்கும் மின்சாரம் தரும் பகுதிதான் கெட்டிருந்ததே தவிர, எண்ணும் பகுதி கெடவில்லை என்றார் கடைக்காரர். ஏழு மாதம் யாரும் பாராத இருட்டில் அது விடாமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பெட்ரோல் கணக்கு எழுதும் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். அந்த ஏழு மாதத்தில் போட்டது 231 லிட்டர். லிட்டருக்குப் பதினாறு என்றால் 3,696 கிலோமீட்டர். திரை கூட்டியிருந்தது 3,670. அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு ஏழெட்டு முறை கூட்டிச் சென்றது, வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்றது, கும்பகோணத்தில் ஒரு துக்கத்துக்குச் சென்றது எல்லாம் அந்த 3,670இல் இருந்தன. இரண்டு நாளுக்கு முன் நாம் கழிக்க நினைத்தது வெறும் எண்ணையன்று.

கதை இத்தோடு நன்றாக முடிந்தது என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் வண்டி விலைபோக இரண்டு மாதம் ஆயிற்று. வந்து பார்த்தவர் அனைவரும் எண்ணைக் கண்டு உதட்டைப் பிதுக்கினர். கடைசியாக வந்த இளைஞர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தவர், வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “உண்மையைச் சொல்லுங்க சார், எவ்வளவு ஓடியிருக்கும்?” திரையில் இருப்பதுதான் என்றோம். நோட்டை நீட்டினோம். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள் என்பது போலச் சிரித்தார். ஒன்றரை லட்சம் ஓடிய வண்டிக்கு உரிய விலையைத்தான் தந்தார். அக்கர்லோஃப் சொன்னது சரிதான். கல்லூரிக் கட்டணத்துக்குக் குறைந்ததைக் கூட்டுறவு வங்கியில் நகை வைத்துக் கட்டினோம். அந்த நகையை மீட்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அத்தனை மாதமும் வட்டிச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் நம் மனம் முழு நிம்மதியோடு இருந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு மீட்டரைக் குறைத்ததாகிவிடும்.

வண்டியை விற்று நான்கு மாதம் கழித்து ஓர் இரவு தொலைபேசி மணி அடித்தது. அந்த இளைஞர்தான். குடும்பத்தோடு மதுரைவரை செல்ல வேண்டும், மெக்கானிக் வார்ப்பட்டையைப் பற்றிக் கேட்கிறார் என்றார். “சார், பெல்ட் எந்தக் கிலோமீட்டர்ல மாத்துனீங்க? உங்ககிட்ட ஒரு நோட்டு இருந்துச்சே?”

அலமாரியில் தேடி எடுத்துப் பக்கங்களைப் புரட்டினோம். 2017ஆம் ஆண்டுப் பக்கத்தில், நம் கையெழுத்திலேயே இருந்தது: 58,200.

அவர் அந்த எண்ணைத் திரும்பச் சொன்னார். திரையில் இப்போது உள்ளதிலிருந்து அதைக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்பது மறுமுனையில் நிலவிய அமைதியிலிருந்து நமக்குத் தெரிந்தது.

“அப்போ ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே மாத்திடுறேன் சார்” என்றார்.